தேவகி காணாத வெண்ணெய்

இராமாயணம் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அரசர் பாதிக் கதையில் எழுந்து படையைத் திரட்டச் சொன்னார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. கதை ஆரணிய காண்டத்தில் நிற்கிறது. கரனும் தூஷணனும் 14,000 அரக்கரோடு வருகிறார்கள். சீதையை இலக்குவன் காவலில் விட்டுவிட்டு இராமன் ஒற்றை ஆளாக வில்லேந்தி நிற்கிறான். இதைக் கேட்ட அந்த அரசர் குலசேகராழ்வாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இராமனுக்குத் துணையாக இப்போதே புறப்பட வேண்டும் என்று ஆணையிட்டுவிட்டார். கதை சொன்னவர் நிலைமையை உணர்ந்து, இராமன் தனியாகவே அத்தனை பேரையும் வென்றுவிட்டான் என்று விரைந்து சொல்லி முடித்த பிறகே அவர் அமர்ந்தார்.

கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். கதை எது, நடப்பு எது என்று தெரியாத வெகுளித்தனம் என்று தோன்றலாம். ஆனால் இந்தக் குலசேகரர்தான் பின்னால் பெருமாள் திருமொழியின் 105 பாட்டுகளைப் பாடினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் அவர் தம் குரலில் மட்டும் பேசவில்லை. ஊடல் கொண்ட ஆய்ச்சியாகப் பேசுகிறார். இராமனைத் தாலாட்டும் கோசலையாகப் பேசுகிறார். மகனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுப் புலம்பும் தசரதனாகப் பேசுகிறார். தேவகியாகவும் பேசுகிறார். கதைக்குள் ஓடிப் போகப் பார்த்தவருக்குக் கவிதை ஒரு வாசலைத் திறந்து விட்டிருக்கிறது. அந்த வாசலுக்குப் பெயர் இரவல் குரல். கவிஞன் தன்னை மறைத்து இன்னொருவரின் வாயால் பேசும் உத்தி அது. தமிழ் இலக்கணம் அதைக் ‘கூற்று’ என்று வகுத்து, யார் யார் எந்த இடத்தில் என்ன பேசலாம் என்றுகூட விதி வைத்திருக்கிறது.

இங்கேதான் பழையதொரு கேள்வி எழுகிறது. இறைவனிடம் பேசும்போது வேடம் எதற்கு? பக்தி உண்மையானால் ‘நான்’ என்று நேரே சொல்லிவிடலாமே. கற்றுக்கொண்ட உத்தி வழியாக வரும் அழுகையை அழுகை என்று எப்படி நம்புவது? அதைப் படித்துக் கண் கலங்குகிறவரின் கலக்கம் பக்தியா, நல்ல கவிதை படித்த கிளர்ச்சியா? சமயம் சார்ந்தவர்கள், சாராதவர்கள் என்று இரு தரப்பும் இந்தக் கேள்வியை எழுப்புகிறார்கள். கோயிலில் பாசுரம் கேட்டு நெகிழ்ந்துபோன யாரும் ஒரு முறையாவது தமக்குள் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும்கூட.

தேவகியின் பாட்டை நெருங்கிப் பார்த்தால் விடை தெரியத் தொடங்குகிறது. கண்ணன் பிறந்த இரவே ஆய்ப்பாடிக்குப் போய்விட்டான். பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. புராணங்கள் யசோதையின் மகிழ்ச்சியை விரித்துச் சொல்கின்றன. தேவகிக்கு என்ன ஆயிற்று என்று அவ்வளவு தூரம் நின்று கேட்பதில்லை. பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகம் முழுக்க அவள்தான் பேசுகிறாள். தான் தாலாட்டுப் பாடவில்லை என்கிறாள். உன் அப்பா யார் என்று கேட்டபோது பிள்ளை நந்தகோபனைக் காட்டிய காட்சியை வசுதேவன் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்கிறாள். வெண்ணெயை அள்ளித் தின்ற சின்னக் கை, அகப்பட்டதும் முகத்தில் ஏறிய அச்சம், அடிக்க ஓங்கிய கயிற்றைப் பார்த்து நடுங்கிய பார்வை, கூப்பிய கை, அழுகைக்குக் கோணிய வாய். இவ்வளவையும் யசோதை பார்த்தாள், தான் பார்க்கவில்லை என்கிறாள்.

பார்க்காததை ஒருத்தி எப்படி இவ்வளவு நுணுக்கமாக அடுக்க முடியும்? இந்தப் பதிகத்தின் நெஞ்சே அதில்தான் இருக்கிறது. அவள் ‘காணவில்லை’ என்று சொல்லச் சொல்ல, படிப்பவர் கண்ணுக்கு வெண்ணெய் பூசிய அந்தக் கை தெரிகிறது. இல்லை என்று சொல்லியே காட்டிவிடும் உத்தி இது. காட்சி முழுவதும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. இழப்பு முழுவதும் அவளிடமே தங்குகிறது. இரண்டும் ஒரே வரியில் நடப்பதால், காட்சியின் இனிமையை இழப்பிலிருந்து பிரித்து எடுக்க முடிவதில்லை.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். கண்ணனின் பிள்ளைப் பருவத்தைப் பிறர் சொல்லக் கேட்டு மட்டுமே அறிந்தவள் தேவகி. அதைப் பாடும் குலசேகரரும் கேட்டு அறிந்தவர்தான். அவர் பாட்டைப் படிக்கிறவரும் அப்படியே. எல்லோரும் காலம் தாழ்ந்து வந்தவர்கள், நேரில் பார்க்கக் கிடைக்காதவர்கள். பக்தனின் நிலைக்கு யசோதையைவிடத் தேவகியே பொருத்தமான குரல் என்று கண்டுகொண்டது சாதாரண நுட்பமல்ல. படையைத் திரட்டியபோது குலசேகரர் தாம் காலம் கடந்து வந்தவர் என்பதை மறந்திருந்தார். தேவகியாகப் பாடும்போது அந்தக் காலதாமதத்தையே பாட்டாக்கிவிட்டார். வேடம் இங்கே உண்மையை மறைக்கவில்லை. அந்த உண்மையைச் சொல்ல வேறு வழி இருந்திருக்காது.

கேட்பவரின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைத் தமிழ் மரபு எவ்வளவு பொருட்படுத்தியது என்பதற்கு இறையனார் களவியலின் உரை சாட்சி. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். அது தீர்ந்தபின் எழுத்தும் சொல்லும் யாப்பும் அறிந்தவர்கள் கிடைத்தார்கள், பொருளதிகாரம் அறிந்தவர் கிடைக்கவில்லை. அரசன் வருந்த, மதுரைச் சொக்கரே 60 நூற்பாக்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழே இட்டார் என்கிறது கதை. கடவுள் எழுதிய அந்த நூல் எதைப் பற்றியது? களவுக் காதலைப் பற்றியது. ஒருவனும் ஒருத்தியும் ஊர் அறியாமல் சந்திப்பது, தோழி உதவுவது, தாய் ஐயப்படுவது, இவைதான் பொருள். சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை சொன்னார்கள். எது சரியான உரை என்று தீர்ப்பதற்கு உருத்திரசன்மன் என்ற வாய் பேசாத ஐந்து வயதுப் பிள்ளையைக் கல்மாப் பலகையில் உட்கார வைத்தார்கள். மதுரை மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சில இடங்களில் மட்டும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரையைக் கேட்டபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தபடி இருந்தான். அதுவே தீர்ப்பாயிற்று.

இந்தக் கதையைப் புனைவு என்று ஒதுக்குவது எளிது. கதை சொல்லும் கருத்தை ஒதுக்குவது அவ்வளவு எளிதல்ல. இலக்கண நூலின் உரைக்கு நீதிபதி வேண்டும் என்றபோது மரபு வாதத்தில் வல்லவனைத் தேடவில்லை, வாதாடவே முடியாத ஒரு குழந்தையைத் தேடியது. மெய்ப்பாடு நடிக்க முடியாதது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டுக்கென்று ஒரு தனி இயலையே ஒதுக்கி, நகை, அழுகை முதல் உவகை வரை எட்டை எண்ணி வைத்ததும் இதே அக்கறையால்தான்.

ஆக, உத்திக்கும் மெய்யான உணர்வுக்கும் பகை என்ற எண்ணம் தமிழுக்குப் பழக்கமானதல்ல. எப்படி என்று கேட்டால் அகப்பாட்டின் ஒரு விதிக்குப் போக வேண்டும். அன்பின் ஐந்திணையில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். பெயர் சொல்லிவிட்டால் அது இன்னார் வீட்டுக் கதை ஆகிவிடும். இந்த விதியை உரைகாரர்கள் எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு நெடுநல்வாடை நல்ல சான்று. பாசறையில் தலைவன், அரண்மனையில் துயிலாத தலைவி. பாட்டில் யார் பெயரும் இல்லை. ஆனால் வேலின் தலையில் வேம்பு சூட்டியிருந்தது என்று ஓரிடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது, எனவே இது அகம் ஆகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். ஒரு பூ ஒரு காதல் பாட்டையே வேறு கணக்கில் சேர்த்துவிட்டது.

பெயர் இல்லாத தலைவியின் ‘நான்’ என்ற சொல் யாருக்கும் உரிமையாகாத இடம். அதனாலேயே படிக்கிற யாரும் போய் அமரக்கூடிய இடம். காஷ்மீரத்து அபிநவகுப்தர் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் இதே புதிரை வேறு வழியில் ஆராய்ந்தார். நாடகம் பார்ப்பவர் உணரும் சோகம் நடிகனுடையதும் அல்ல, பார்ப்பவரின் சொந்த வாழ்க்கைச் சோகமும் அல்ல. ஆள், இடம், காலம் என்ற கட்டுகள் கழன்று பொதுவாகிப்போன உணர்வு அது, ஆகவேதான் அதைச் சுவைக்க முடிகிறது என்றார். சங்க அகப்பாட்டுக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். ஆழ்வார்களிடம் வரும்போது பாதிதான் பொருந்துகிறது.

ஏனென்றால் ஆழ்வார்கள் விதியின் ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை மீறினார்கள். தலைவிக்குப் பெயரில்லை. தலைவனுக்கு மட்டும் பெயர் உண்டு, ஊர் உண்டு. அவன் திருவரங்கத்தில் படுத்திருக்கிறான், திருவேங்கடத்தில் நிற்கிறான். போய்ப் பார்க்கலாம். ஒரு பக்கம் யாரும் நுழையக்கூடிய வெற்றிடம். மறுபக்கம் முழு முகவரி. இப்படி ஒரு கோணலான அமைப்பை அதற்கு முன் தமிழ்க் கவிதை கண்டதில்லை. படிப்பவர் தலைவியின் இடத்தில் உட்கார்ந்த அந்தக் கணமே எதிரில் இருப்பது பொதுவான காதலன் அல்ல என்று தெரிந்துவிடுகிறது. உணர்வு பொதுவாகக் கரைந்துவிடாமல் ஓர் ஊரை நோக்கித் திரும்புகிறது. பக்திப் பாட்டின் வலிமை உவமைகளில் இருப்பதாகத்தான் பலரும் சொல்வார்கள். உவமைகள் அழகுதான், ஆனால் இருப்பவற்றுள் பெரிய உத்தி இந்தப் பெயர்–பெயரின்மைக் கணக்குதான்.

நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாட்டுகள், நூறு பதிகங்கள். அவற்றில் 27 பதிகங்கள் பெண் பேச்சு: மகளாக 17, தாயாக 7, தோழியாக 3. பராங்குச நாயகி என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தது பின்வந்த மரபு. பாட்டுக்குள் அவளுக்குப் பெயர் கிடையாது.

ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியை எடுத்துக்கொள்வோம். பேசுகிறவள் தாய். பேச்சு முழுவதும் திருவரங்கத்துப் பெருமாளை நோக்கியது. என் மகள் இரவும் பகலும் தூங்குவதில்லை. கண்ணீரைக் கையால் இறைக்கிறாள். சங்கு என்கிறாள், சக்கரம் என்கிறாள், கைகூப்புகிறாள். கொஞ்சம் எழுந்து உலாவுகிறாள், மயங்குகிறாள், மறுபடி எதையோ முணுமுணுக்கிறாள். இவளை நீ என்ன செய்வதாக நினைத்திருக்கிறாய்? இந்தக் கேள்வி வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. மகள் நேராக இதைச் சொல்லியிருந்தால் அவள் துயரத்துக்குள் நாமும் மூழ்கியிருப்போம். தாய் சொல்வதால் நாம் கட்டிலருகே நிற்கிறோம். மகளுக்கு என்ன ஆயிற்று என்று தாய்க்கே விளங்கவில்லை. விளங்காமல் சொல்லும்போது அவள் கண்ணில் பட்டதை மட்டுமே சொல்ல முடிகிறது: கை, கண், உதடு, விட்டுவிட்டு வரும் சொற்கள். விளக்கம் இல்லாத இந்த நோய்க்குறிப்புகளைக் கோத்துப் பார்த்து, இது இன்னதென்று தெரிந்துகொள்ளும் வேலை கேட்பவர் தலையில் விழுகிறது. தாய்க்குத் தெரியாதது நமக்குத் தெரியத் தொடங்கும் இடம்தான் இந்தப் பதிகத்தில் அடிவயிற்றைப் பிசைகிற இடம். கடைசியில் தாயின் தொனியே மாறிவிடுகிறது. அடையவே மாட்டாள் போல இருந்தவள் நெருங்கிச் சென்று அடைந்துவிட்டாள் என்கிறாள்.

திருவரங்கத்தில் மார்கழி அத்யயன உற்சவத்தின் இராப்பத்து ஏழாம் நாளன்று நம்மாழ்வாருக்குப் பெண் கோலம் சாத்துகிறார்கள். உற்சவரான நம்பெருமாளை அர்ச்சகர்கள் கைகளிலேயே தாங்கி எழுந்தருளச் செய்யும் திருக்கைத்தல சேவை அன்று நடக்கிறது. கவிஞர் பாட்டுக்குள் போட்ட வேடத்தைக் கோயில் துணியும் நகையுமாகப் போட்டுப் பார்க்கிறது. இலக்கிய உத்தி ஒன்று வழிபாட்டு நாளாகவே ஆகிப்போனதற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது.

இந்தப் பெண் குரலை எப்படிப் புரிந்துகொள்வது என்று வைணவ ஆசாரியர்கள் தலைமுறை தலைமுறையாக யோசித்தார்கள். திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லும்போது கூடிய கூட்டத்தைக் கண்டு, இது நம்பெருமாள் கூட்டமா நம்பிள்ளை கூட்டமா என்று வியந்தார்களாம். பகலில் கேட்டதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதி வைத்ததுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. அவர் மகன் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் எழுதிய ஆசார்ய ஹிருதயம் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. தெளிந்த ஞான நிலையில் ஆழ்வார் தம் குரலில் பேசுகிறார், அன்பு மேலிட்டபோது பெண் குரலில் பேசுகிறார் என்பது அதன் கருத்து. தோழி, தாய், மகள் மூவரும் மூன்று ஆட்கள் அல்ல, ஒரே மனத்தின் மூன்று நிலைகள் என்றும் சொல்கிறது. இறைவனோடு தனக்குள்ள உறவை அறிந்த தெளிவு தோழி. அவனே வழி என்று அசையாமல் இருக்கும் உறுதி தாய். பேறு எப்போது கிட்டும் என்ற தவிப்பு மகள். மனித மனத்தைப் பற்றிய கூர்மையான கண்டுபிடிப்பு இது. தவிக்கும் மனத்துக்குள்ளேயே அந்தத் தவிப்பைக் கண்டு கவலைப்படும் இன்னொரு மனமும், இரண்டுக்கும் நடுவே நின்று எடுத்துச் சொல்லும் மூன்றாவதும் இருப்பதை அனுபவத்தில் அறியாதவர் யார்?

ஆனால் இதே உரைமரபு சில இடங்களில் பாட்டைச் சாவிக்கொத்தாக மாற்றிவிடுவதையும் சொல்லியாக வேண்டும். முதல் பத்தின் நான்காம் திருவாய்மொழியில் தலைவி நாரையையும் குயிலையும் அன்னத்தையும் வண்டையும் தூது அனுப்புகிறாள். பறவை என்றால் ஆசாரியன், இரண்டு சிறகு என்றால் ஞானமும் அனுட்டானமும் என்று உள்ளுறைப் பொருள் சொல்வார்கள். குருவின் வழியாகவே இறைவனை அடைய முடியும் என்ற கொள்கைக்கு அது தேவைப்பட்டது, அழகாகவும் பொருந்துகிறது. எனினும் அங்கே அந்தப் பெண் நாரையிடம் பேசும் பேச்சைக் கேட்க வேண்டும். எனக்காகத் தூது போய், அவன் உங்களைச் சிறையில் போட்டால்தான் என்ன ஆகிவிடும் என்கிறாள். ஆள் துணை இல்லாமல் ஒரு பறவையைக் கெஞ்சும் நிலை, அந்தக் கெஞ்சலிலும் பறவைக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை என்னும் காதலின் சுயநலம், இரண்டும் சேர்ந்த இடம் அது. நாரையை உடனே குருவாக்கிவிட்டால் அந்த ஏழ்மை கையைவிட்டுப் போய்விடுகிறது. நாரை முதலில் நாரையாக இருக்கட்டும். வயல் சேற்றில் நிற்கட்டும். பிறகு அது குருவானால் அந்தக் குருவுக்கும் பெருமை.

உள்ளுறைச் சாவி ஒன்றே ஒன்று அல்ல என்பதைச் சைவர்களிடம் பார்க்கலாம். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாட்டுகளில் ஒரு காதல் கதையை முதற்சந்திப்பிலிருந்து பரத்தையிற் பிரிவு வரை கொண்டு செல்கிறது. இங்கே காதலன் சிவன் அல்ல. காதலன் பெயரில்லாத மனிதன். தில்லைக் கூத்தன் பாட்டுடைத் தலைவனாகப் பாட்டுதோறும் கூடவே வருகிறான், காதலுக்கு வெளியே நின்றபடி. இதற்குப் பேரின்பப் பொருள் சொன்ன மரபு ஒன்று காதலனை ஆன்மாவாகவும், காதலியைப் பரம்பொருளாகவும், தோழியைத் திருவருளாகவும் வைக்கிறது. ஆழ்வார் பாட்டில் ஆன்மா பெண்; இங்கே கடவுளே பெண். தேடுகிறவன் ஆண், நாணி ஒளிகிறவள் இறை. அந்தணர் இதை வேதம் என்பார்கள், யோகியர் ஆகமம் என்பார்கள், காமுகர் காம நூல் என்பார்கள், தருக்கம் வல்லோர் தருக்க நூல் என்பார்கள், புலவர் இலக்கணம் என்பார்கள் என்பது திருக்கோவையாரைப் பற்றிய பழம்பாடல் ஒன்றின் கருத்து. ஐந்து வாசகர்களில் எவரையும் அந்தப் பாடல் துரத்தவில்லை.

இனி ஆண்டாள். பெண்ணாகப் பிறந்தவள், நாயகி குரலுக்கு அவளுக்கு வேடமே தேவையில்லை. நாச்சியார் திருமொழியின் 143 பாட்டுகளில் அவள் பேசும் வேகத்தை வேறு எந்த ஆழ்வாரிடமும் காண முடியாது. அவளும் திருப்பாவையில் ஆயர்குலச் சிறுமியாகிவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆய்ப்பாடியாயிற்று. வேடம் தேவைப்படாதவளே வேடம் பூண்டாள் என்றால், அதை ஆணின் குறையை ஈடுகட்டும் தந்திரம் என்று சொல்ல இடமில்லை. திருப்பாவையின் முப்பது பாட்டும் தோழிகளை எழுப்பிக் கூட்டிச் சேர்த்து ஒன்றாகப் போகும் பாட்டு. தனியே அவளுக்கு மட்டும் சொந்தமான குரலில் அவ்வளவு பேரைக் கூட்டிப் போக முடிந்திருக்காது.

வேடம் எங்கே கலைகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. திருவாய்மொழிப் பதிகம் ஒவ்வொன்றின் கடைசிப் பாட்டிலும் நம்மாழ்வாரின் மறுபெயர் வருகிறது; குருகூர்ச் சடகோபன் சொன்ன பாட்டு இவை, இவற்றைச் சொல்ல வல்லார்க்கு இன்ன பலன் என்று வருகிறது. பத்துப் பாட்டாக ஒரு பெண் உயிர் போக அழுதுகொண்டிருந்தாள். பதினோராவது பாட்டில் திடீரென்று ஓர் ஆணின் பெயர், ஓர் ஊரின் பெயர், படிப்பவருக்கு ஒரு வாக்குறுதி. முதல்முறை படிப்பவருக்கு இது கனவைக் கலைத்தது போல் இருக்கும். ஆனால் அந்தப் பத்தையும் வாய்விட்டுச் சொன்னவர் யார்? சொல்கிற ஒவ்வொருவரும் ‘நான்’ என்று அந்தப் பெண்ணாக அழுது முடித்திருக்கிறார். அந்த இடத்திலிருந்து அவரை இறக்கி, இப்போது உன் வீட்டுக்குப் போ, உனக்கு நல்லது நடக்கும் என்று வழியனுப்பும் பாட்டு அது. இது இல்லையென்றால் பாட்டு ஆழ்வாருடையதாக மட்டும் நின்றிருக்கும்.

இந்தக் கடைசிப் பாட்டுதான் திருவாய்மொழியையே காப்பாற்றியது என்கிறது மரபு. குடந்தைப் பெருமாளைப் பாடிய ஒரு பதிகத்தைச் சிலர் பாடக் கேட்டார் வைணவ ஆசாரியரான நாதமுனிகள். ஆயிரம் பாட்டில் இவை பத்து என்று அதன் இறுதியில் வந்தது. அப்படியானால் மற்றவை எங்கே? பாடியவர்களுக்குத் தெரியவில்லை. நாதமுனிகள் திருக்குருகூருக்குப் போய், மதுரகவியாழ்வாரின் பாசுரத்தைப் பன்னீராயிரம் முறை சொல்லி நம்மாழ்வாரிடமிருந்து பிரபந்தம் முழுவதையும் பெற்றார் என்பது கதை. திருவாய்மொழி அந்தாதியாக அமைந்தது என்பதையும் இத்துடன் நினைக்க வேண்டும். ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்தது தொடங்கும். ஆயிரத்தின் கடைசிச் சொல் முதல் பாட்டின் முதல் சொல்லில் போய்ச் சேரும். இடையில் ஒன்று விட்டுப்போனால் காதுக்கே தெரிந்துவிடும். நினைவுக்கு உதவும் உத்திதான். ஆனால் சொல்லிக்கொண்டே போகிறவருக்கு நிறுத்தவும் இடம் கிடைப்பதில்லை.

விதியைத் தெரிந்துகொண்டு மீறுவதிலும் ஒரு சமயப் பொருள் உண்டு. மடல் ஏறுதல் ஆணுக்கு மட்டும் உரியது. பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, காதலியின் படத்தை ஏந்தி, ஊர் நடுவே தன் மானத்தைத் தானே கெடுத்துக்கொள்வான். ஊர் இரங்கிப் பெண்ணைத் தரும். பெண் மடல் ஏறக் கூடாது என்று தொல்காப்பியமும் சொல்கிறது, குறளும் சொல்கிறது. திருமங்கையாழ்வார் சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டிலும் பெண்ணாகி மடல் ஏறப் போவதாக மிரட்டுகிறார். தமிழ் நெறி பெண்ணுக்கு மடல் இல்லை என்கிறது, அது தனக்கு ஏற்பில்லை, வடநெறியில் போகிறேன் என்று பெரிய திருமடலில் அவள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, இராமன் பின் காட்டுக்குப் போன சீதை, அருச்சுனனை விரும்பிய உலூபி, அநிருத்தனை வரவழைத்த உஷை என்று எடுத்துக்காட்டு அடுக்குகிறாள். விதி தெரியாதவருக்கு இது ஒரு பட்டியல். தெரிந்தவருக்குத் தூக்கிவாரிப்போடும். ஆற்றாமை எந்த அளவுக்குப் போனால் ஒருத்தி இலக்கணத்தையே தள்ளிவிட்டு நடப்பாள் என்பதை அந்த மீறல்தான் சொல்கிறது. கடவுளை அம்பலத்துக்கு இழுத்துவிடுவேன் என்ற மிரட்டலும் அதில் இருக்கிறது.

அம்பலத்துக்கு இழுப்பது சைவரான சுந்தரருக்குக் கைவந்தது. அவரிடம் வேடம் கிடையாது. சொந்தப் பெயர், சொந்த வழக்கு. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று செய்த சத்தியத்தை மீறியதால் அவர் இரு கண்ணும் இழந்தார். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மற்றதற்காகத் திருவாரூரில் பாடினார் என்கிறார் சேக்கிழார். அந்தத் திருவாரூர்ப் பதிகத்தில் பாட்டுதோறும், இவ்வளவுக்கும் வாய் திறக்காத நீர் நன்றாக இருந்துவிட்டுப் போம் என்ற பொருளில் ஒரே முடிப்பு வருகிறது. நான் அடகு வைத்த பொருள் அல்ல, விற்றுக்கொள்ள உமக்கு உரிமை உண்டு, விரும்பித்தான் அடிமையானேன், குற்றம் எதுவும் செய்யவில்லை, கண்ணை ஏன் பறித்தீர், பழி உம்மேல்தான் என்று ஓரிடத்தில் வழக்காடுகிறார்.

அணி இலக்கணம் படித்தவர்கள் இத்தகைய பாட்டுகளை வஞ்சப்புகழ்ச்சி என்று ஒரு பெட்டியில் போடுவது வழக்கம். திட்டுவது போல் புகழ்வது. இந்தப் பதிகத்துக்கு அந்தப் பெட்டி பொருந்தாது. வஞ்சப்புகழ்ச்சியில் கேட்பவர் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார். உள்ளே புகழ்தான் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்து புன்னகைக்கலாம். சுந்தரர் அந்தப் புன்னகைக்கு இடம் தரவில்லை. ஒரு கண் இழந்து நிற்பவனின் கோபம் கோபமாகவே இருக்கிறது. கட்டியிருப்பது பதிகத்தின் வடிவம் மட்டும்: பண், எதுகை, மாறாத முடிப்பு. திரும்பத் திரும்ப வரும் அந்த முடிப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகக் கசக்கிறது.

தேவாரப் பதிகத்திலும் கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும் படிப்பவருக்கான பலனும் வருவது வழக்கம். வினை தீரும், வானுலகு கிட்டும் என்று வரும். இந்தப் பதிகத்தின் பதினோராம் பாட்டில் ஆரூரன் என்று பெயர் வருகிறது. பலன் வரவில்லை. பலன் வர வேண்டிய இடத்தில், உலகறிய என் கண்ணைக் கொண்டு நீர்தான் பழிப்பட்டீர் என்ற குற்றச்சாட்டு நிற்கிறது. பிறகு அதே முடிப்பு. அது முடிந்தபின் மற்றக் கண்ணும் கிடைத்தது என்று கதையை நிறைவு செய்தவர் சேக்கிழார். பதிகத்தில் அந்தச் செய்தி இல்லை. திருமுறை தொகுத்தவர்கள் அதை அப்படியே ஏழாம் திருமுறையில் வைத்தார்கள், பலன் சொல்லும் வரி ஒன்றை யாரும் சேர்க்கவில்லை. ஓதுவார்களும் அந்தப் பதினோராம் பாட்டைப் பண்ணோடு, உள்ளது உள்ளபடி பாடி முடிக்கிறார்கள்.